கடலோரத்தில் ஒரு வீடு

ஓய்வுக்காலத்தை எங்கே கழிப்பது என்னும் கேள்வியில் நமக்கு அனுபவம் இல்லை. பங்குக் குருவுக்கு அந்தக் கவலையை ஆயரே ஏற்றுக்கொள்கிறார். அவர் காட்டும் அறைக்குப் போய்ச் சேர்வதே நம் கடமை. ஆயினும் 2025 கோடையில், அமெரிக்காவில் வாழும் நம் தம்பி வீடு பார்க்க நம்மையும் உடன் அழைத்துச் சென்றான்.

முப்பது ஆண்டுகளாக அவன் நியூஜெர்சி மாநிலத்தில் குடியிருக்கிறான். அவன் மனைவி செவிலியாகப் பணியாற்றி அண்மையில் ஓய்வு பெற்றவர். அம்மாநிலத்தின் வீட்டு வரி அந்நாட்டிலேயே மிக உயர்ந்தது. 2024இல் அதன் சராசரி ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிற்று. சம்பளம் நின்ற பின்னும் வரி நிற்பதில்லை. எனவே டெலவேர் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள சசெக்ஸ் கடற்கரையைத் தம்பி குறித்து வைத்திருந்தான். அங்கே விற்பனை வரி அறவே இல்லை. வீட்டு வரியும் மிகக் குறைவு. அறுபது வயது கடந்தோர் ஓய்வூதியத்தில் 12,500 டாலர் வரை மாநில வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகைக்கு அங்கு வரி இல்லை என்பதையும் எழுதியிருந்தான். நியூஜெர்சியிலும் அதற்கு வரி இல்லை என்பதை ஏனோ எழுதவில்லை.

கேப் மே துறையிலிருந்து லூயிஸ் நகருக்குக் காரோடு ஏற்றிச் செல்லும் படகு உண்டு. எண்பத்தைந்து நிமிடப் பயணம். வழிநெடுகத் தம்பி தன் குறிப்பேட்டை வாசித்தான். இறங்கிச் சற்றுத் தொலைவில் ரெஹோபத் கடற்கரை. ஈசாக்கு தோண்டிய கிணற்றின் பெயர் அது. அகன்ற இடம் என்று பொருள். இன்று கோடையில் அங்கே கார் நிறுத்தவும் இடம் கிடைப்பதில்லை.

விலை மலிவாகத் தோன்றிய வீட்டைத் தம்பி முதலில் காட்டினான். அழகிய வீடுதான். ஆனால் வீடு மட்டுமே நமக்குச் சொந்தம்; மனை வேறொருவருடையது, மாதந்தோறும் அதற்கு வாடகை. அப்பகுதியில் இத்தகைய குடியிருப்புகள் பல உண்டு. நம் ஊரில் கோயில் நிலத்தில் அடிமனை வாடகை செலுத்துவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டு வரியிலும் ஒரு செய்தி இருந்தது. அதுவரை 1974ஆம் ஆண்டு மதிப்பின்படியே அங்கு வரி கணக்கிட்டு வந்தனர். நீதிமன்ற வழக்குக்குப் பின் மறுமதிப்பீடு செய்து, 2025 முதல் புதிய மதிப்பைக் கொண்டுவந்தனர். சிலருக்கு வரி குறைந்தது, சிலருக்கு ஏறிற்று.

கடலும் தன் பங்குக்கு வசூலிக்கிறது. ஐம்பது மாநிலங்களுள் சராசரி உயரம் மிகக் குறைந்தது டெலவேர். லூயிஸில் நூறாண்டுக்கு மேலாக எடுத்துவரும் அளவுகளின்படி கடல்மட்டம் ஓர் அடிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. 1962 மார்ச்சில் அடித்த புயலுக்குச் 'சாம்பல் புதன் புயல்' என்றே பெயர். ஐந்து கடலேற்றங்கள் வரை ஓயாமல் அறைந்து, ரெஹோபத்தின் மரநடைபாதையைப் பெயர்த்தெறிந்தது. வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்கு ஈடு தராது; அதற்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். குறிப்பேட்டில் அதற்கும் தம்பி ஒரு வரி ஒதுக்கியிருந்தான் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அதுவரை பேசாதிருந்த அவன் மனைவி, "சாமி, விலை, வரி எல்லாம் இவர் பார்த்துவிட்டார். நடு இரவில் இவருக்கு நெஞ்சு வலித்தால் யார் கார் ஓட்டுவது? எனக்கு இருட்டில் கண் சரியாகத் தெரிவதில்லை. மகள் மூன்று மணி நேரத் தொலைவில் இருப்பாள்" என்றார்.

தம்பி நம்மைப் பார்த்தான். நாம் கடலைப் பார்த்தோம். நம் தாயார் ஊரில் தனித்திருந்த கடைசி நான்கு ஆண்டுகளில் நாம் ஒரு பங்கிலும் அவன் கடல் கடந்தும் இருந்தோம். இரவுதோறும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அம்மாவின் அருகில் படுத்தவர் அடுத்த வீட்டு அம்மாள். அவர் கேட்டு நாம் கொடுத்தது ஒன்றுமில்லை. அந்த நினைவு இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். இருவருமே அதைச் சொல்லவில்லை.

திரும்பும் படகில் குறிப்பேடு திறக்கப்படவில்லை. மறுநாள் காலை தரகரைத் தொலைபேசியில் அழைத்து, வாங்குவதை நிறுத்திவைக்கச் சொன்ன தம்பி, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதே தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்டான். கோடைக் கூட்டம் கலைந்தபின் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டுமாம்.