'புட் அப்'

பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு 1972-இல் புதுச்சேரியில் அரசு எழுத்தராகச் சேர்ந்தேன். ஆங்கிலம் அரைகுறைதான். சேர்ந்த முதல் மாதமே, கணவரை இழந்த ஒரு அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு மேலதிகாரியிடமிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில், 'புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்' என்று எழுதியிருந்தார்.

அகராதியைப் புரட்டினேன். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. பிரெஞ்சில் 'சுப்போர்த்தே' என்போம். பழைய தாள்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார் போலும் என்று எண்ணி, கோப்பை அலமாரியில் வைத்துவிட்டேன். யாரையும் கேட்க வெட்கம்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா வந்து நின்றார். ஹெட் கிளார்க் கோப்பை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"தம்பி, ஆபீஸில் 'புட் அப்' என்றால் மேலே சமர்ப்பிப்பது. 'வித்' அடுத்த சொல்லோடு சேரும். பழைய தாள்களையும் சேர்த்து அனுப்பு என்கிறார்."

ஆங்கிலேயர் பேச்சில் இதே சொல் சுவரில் படம் மாட்டுவதற்கும், விருந்தாளியைத் தங்கவைப்பதற்கும், விலையை ஏற்றுவதற்கும் வரும். கோப்பை மேலே வைப்பது நம் நாட்டு அலுவலக வழக்கு. அகராதியை மட்டும் நம்பியவனுக்கு அது எப்படித் தெரியும்?

அன்றைக்கே கோப்பு மேலே போனது. "பரவாயில்லை தம்பி" என்றார் அந்த அம்மா. அகராதி சொன்ன பொருளில் பொறுத்துக்கொண்டவர் அவர்தான். அதன்பிறகு ஓய்வு பெறும் வரை, புரியாததைக் கேட்க நான் வெட்கப்பட்டதில்லை.