கை நடுக்கமும் ‘மருந்து’ என்னும் சொல்லும்

தோட்டப்புறங்களில் முதியவர் ஒருவரின் கை நடுங்கக் கண்டால் அதற்கு நம்மவர் கூறும் காரணங்கள் மூன்று. கள்ளும் சம்சுவும் குடித்ததன் பலன் என்பார் சிலர். முன்வினைப் பயன் என்பார் வேறு சிலர். வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று கையை விரிப்பார் மற்றையோர். இம்மூன்று விடைகளுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. எதைச் சொன்னாலும் அதற்குமேல் விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லாமற் போகிறது. அவ்விசாரணையைத் தொடங்குவதே இங்கு நமது நோக்கம்.

இந்நோய் புதிதன்று. 1817-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து வைத்தியராகிய ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பார், ஆறு மனிதரிடம் கண்டறிந்த செய்திகளைக் கொண்டு நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவ்வறுவருள் சிலர் தெருவிலே அவர் கண்ணிற் பட்டவர்கள். பின்னர் பிரெஞ்சு வைத்தியர் ஷார்க்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே இட்டு வழங்கினார். மூளையின் அடிப்புறத்தில் கருநிறமுடைய சிறு பகுதி ஒன்று இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோபமீன் என்னும் பொருளைச் சுரக்கின்றன. நாம் நினைத்தபடி கைகால்கள் தடையின்றி இயங்குவதற்கு அப்பொருள் இன்றியமையாதது. அவ்வணுக்கள் சிறிது சிறிதாக மடிவதனாலேயே இந்நோய் உண்டாகிறது. நடுக்கம் வெளியே தெரியுமுன்னரே அவற்றுள் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. ஆகவே நோய் நம் கண்ணுக்குப் புலப்படும் நாள் அது தொடங்கிய நாளன்று.

நடுக்கம் ஒன்றே அடையாளம் என்று எண்ணுவதும் தவறு. நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உளர். உடல் விறைக்கும், நடை தளர்ந்து அடிகள் குறுகும், ஒரு கை வீச்சின்றித் தொங்கும், முகத்தில் உணர்ச்சி குன்றும், குரல் மெலியும், எழுத்துச் சிறுக்கும். மோப்பம் குறைதல், தீராத மலச்சிக்கல், உறக்கத்திலே கைகால்களை வீசிக் கூவுதல் ஆகியவை பல ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றுவதும் உண்டு.

எழுத்துச் சிறுத்தலைக் கிராணி வேலையில் இருப்போர் எளிதிற் காணலாம். நெகிரி செம்பிலானில் நாம் கணக்கெழுதிய தோட்டம் ஒன்றில், இருபதாண்டுகளுக்கு மேல் மருந்தடிப்பு வேலை செய்த அம்மையார் ஒருவர் இருந்தார். தோட்டப் பள்ளியில் கற்ற தமிழில் தம் பெயரைக் கட்டம் நிறைய எழுதி ஒப்பமிடுவது அவர் வழக்கம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அவ்வெழுத்துக்கள் எள்ளளவாய்ச் சிறுத்து ஒன்றன்மேல் ஒன்று நெருங்கின. “கை எம் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, கிராணி ஐயா,” என்பார். லயத்திலோ, கிழவி ஒளித்துக் குடிக்கிறாள் என்று பேச்சு. ஆயுளில் கள்ளைத் தொட்டறியாத அவர் அப்பேச்சுக்கு அஞ்சிக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் போவதை நிறுத்தினார். மகள் வற்புறுத்திச் சிரம்பானுக்கு அழைத்துச் சென்ற பின்னரே நோயின் பெயர் தெரிந்தது. கொடுத்த மாத்திரைகளை நேரந்தவறாமல் உட்கொண்டபின் எழுத்து மறுபடியும் ஓரளவு பெருத்தது. ஊரார் வாயால் இழந்த மானத்தை எந்த மாத்திரை திருப்பித் தரும்?

மதுவை ஒழிக்க வேண்டுமென்று நாம் ஓயாது எழுதுகிறோம், அது வேண்டியதே. ஆயினும் நடுங்கும் கை ஒவ்வொன்றிலும் கள்ளுக் கலயத்தைக் காண்பது சீர்திருத்தமாகாது. 1975-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரைக் குத்துச்சண்டையில் வென்ற முகம்மது அலியை நம் பெரியோர் மறந்திரார். மதுவை விலக்கிய மார்க்கத்தைத் தழுவிய அவருக்கு 1984-இல் இந்நோய் இருப்பது தெரிந்தது. 1996-இல் அட்லாண்டா நகரில், நடுங்கும் கையோடேயே உலகறிய ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார். அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

நிற்க. இந்நோய் எதனால் வருகிறது? முதுமை ஒரு காரணம். சிலருக்குக் குலவழி ஒரு காரணம். இவற்றோடு சுற்றுப்புறத்து நஞ்சுகளும் சேர்கின்றன என்பதற்கு ஆதாரம் பெருகிவருகிறது. தோட்டத் தமிழர் செவிசாய்க்க வேண்டிய இடம் இதுவே. களைகளைக் கொல்லத் தெளிக்கும் விஷத்தை நாம் ‘மருந்து’ என்கிறோம். லாலான் புல்லை ஒழிக்க முன்னாளில் தெளித்த சோடியம் ஆர்சனைட் பாஷாணமேயாயினும் அதுவும் மருந்துதான். 1962-இல் விற்பனைக்கு வந்து, கிராமொக்சோன் என்ற பெயரால் பரவிய பாராகுவாட்டும் மருந்துதான். மருந்தென்று பெயரிட்ட பொருளிடம் அச்சம் எங்ஙனம் பிறக்கும்? வெறுங்கையால் கலக்கினோம், ஒழுகும் டின்னை முதுகிற் சுமந்தோம், நனைந்த உடையோடு வீடு வந்து குழந்தையைத் தூக்கினோம்.

1982-இல் கலிபோர்னியாவில் கலப்படப் போதைப்பொருளை ஊசியேற்றிக்கொண்ட இளைஞர் சிலர், இந்நோயில் முதிர்ந்தவர்போல் திடீரென விறைத்துப் போயினர். வைத்தியர் வில்லியம் லாங்ஸ்டன் ஆராய்ந்து, அப்பொருளில் கலந்திருந்த நஞ்சே காரணமென வெளிப்படுத்தினார். அந்நஞ்சு உடலினுள் மாறியடையும் உருவம் பாராகுவாட்டின் அமைப்பை ஒத்திருந்தமையால் ஐயம் களைக்கொல்லியின்பால் திரும்பியது. 2011-இல் அயோவா, வட கரோலினா மாநிலங்களின் விவசாயத் தொழிலரைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. பாராகுவாட்டையோ ரோட்டினோனையோ கையாண்டவரிடம் இந்நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு காணப்பட்டதாக அது கூறிற்று. ரோட்டினோன் நமக்கு அந்நியமன்று. இந்நாட்டு ஆறுகளில் மீன் பிடிக்க இடித்துக் கலந்த தூபா வேரிலுள்ள நஞ்சே அது.

இதனால் மருந்தடித்தவர் யாவருக்கும் இந்நோய் வரும் என்பதன்று; பெரும்பாலோர்க்கு வருவதில்லை. ஒருவருடைய நோய்க்கு இந்த நஞ்சே காரணமென்று அறுதியிடவும் இயலாது. பாராகுவாட் உற்பத்தியாளரும் இக்குற்றச்சாட்டை ஏற்பதில்லை. ஆயினும் ஐயம் வலுத்த இடத்தில் எச்சரிக்கையாக இருப்பதே பகுத்தறிவு.

நமது நாட்டில் 2002-இல் பாராகுவாட்டை விலக்கத் தீர்மானித்தார்கள். அவ்வாண்டிலேயே தெனாகானித்தா இயக்கத்தார், தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் படும் துன்பத்தை ஆராய்ந்து வெளியிட்டிருந்தனர். ஆனால் 2006-இல் தடை தளர்த்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் அதனை விலக்கியபோதும் இங்கே தெளிப்பு நடந்தது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில்தான் முழுத்தடை வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதனைச் சுமந்த முதுகுகள் யாருடையவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தடை வந்துவிட்டது, இனிக் கவலை ஏன் எனலாகாது. அன்று மருந்தடித்தவர் பலர் இன்று சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் பட்டணங்களின் அடுக்குவீடுகளில் முதுமையைக் கழிக்கிறார்கள். அவர்களுடைய பழைய வேலையைப் பட்டணத்து வைத்தியர் அறியார். பிள்ளைகள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும். எந்தத் தோட்டம், எத்தனை ஆண்டு, என்ன மருந்து என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மேலே கூறிய அடையாளங்களுள் இரண்டொன்று கண்டால் மந்திரிப்பதையும் கயிறு கட்டுவதையும் விட்டு வைத்தியரிடம் செல்லுங்கள். நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் 1960-களில் இந்நோய்க்குப் பயன்படுமெனக் கண்டறிந்த லெவோடோபா பல ஆண்டுகள் நடமாட்டத்தைக் காத்துத் தரும். வைத்தியரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது. இடைவிடாத தேகப்பயிற்சியும் நன்மை தரும்.

இன்று நம் தோட்டங்களில் மருந்தடிக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும் நம்மைப்போல் உழைத்துப் பிழைக்க வந்தவரே. எந்தக் களைக்கொல்லியாயினும் கையுறையும் முகமூடியும் இன்றித் தொடலாகாது. காற்றுக்கு எதிரே அடிக்கலாகாது. வேலை உடையை வீட்டுத் துணியோடு துவைக்கலாகாது. காலி டின்னில் தண்ணீர் பிடிக்கலாகாது. இவற்றை அவர்களுக்கு அவர்கள் மொழியிலே சொல்லுவது கிராணிமாருக்கும் தண்டல்மாருக்கும் கடமை. பெரட்டுக் களத்தில் அதனை ‘மருந்து’ என்று கூறுவதை விட்டு ‘விஷம்’ என்றே கூறுவோமாக. பெயர் சரியானால் எச்சரிக்கையும் பிறக்கும்.