அத்தான் விட்டுச் சென்ற இறுவட்டு

சென்ற மார்கழி விடுமுறையில் பசறைப் பாதையிலுள்ள என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். நமுனுகுல மலையை மூன்று நாட்களாக மேகம் மூடியிருந்தது. மழை ஓயாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையிற் போட்டுக்கொண்டு முதிய மாது ஒருவர் வாயிலில் வந்து நின்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நான் சிறுவனாயிருந்த காலந்தொட்டு அவரைப் பாட்டி என்றே அழைத்து வருகிறேன்.

“மாஸ்டர், கிளாக்கர் ஐயா எழுதி வைச்ச கணக்கு ஏதாவது வீட்டில இருக்குதா?” என்று கேட்டார்.

அவர் குறை இதுதான். 1996 முதல் 1999 வரையில் அவர் உழைத்த காலத்துக்கு ஊழியர் சேமலாப நிதியில் அவர் பெயரிற் பணம் காணப்படவில்லை. இந்நிதி 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்டது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தொழில் கொடுப்போர் தம் பங்காக 12ம் அதிற் சேர வேண்டும். வேலை செய்ததற்குச் சான்று கொண்டு வாருங்கள் என்று பாட்டியிடம் சொல்லிவிட்டார்கள். தோட்டத்துக் கந்தோரிலோ பழைய செக்ரோல் புத்தகங்களைக் கறையான் உண்டுவிட்டது.

என் அத்தான் அத்தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். 1992ஆம் ஆண்டிலே தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதன் பின்னர், அங்கே ஒரு கணினி வந்து சேர்ந்தது. டொஸ் என்னும் முறைமையில் இயங்குவது. கறுப்புத் திரையிலே வெள்ளை எழுத்து மட்டுமே தோன்றும். மாதந்தோறும் சம்பளக் கணக்கை அத்தான் அதிலே பதிந்து வந்தார். 2001ஆம் ஆண்டிற் புதுக் கணினி வந்தபோது, பழைய கணக்குகளை நகரத்துக் கடையொன்றில் ஓர் இறுவட்டில் ஏற்றித் தம்மிடம் வைத்துக்கொண்டார். கணக்குகள் துடைக்கப்பட்ட பழைய பெட்டி, துருப்பிடித்த இரும்புச் சாமான்களோடு ஏலத்துக்கு வந்தது. அதையும் அவரே வாங்கி வந்தார். “எதற்கு இந்தக் குப்பை?” என்று தமக்கையார் சண்டையிட்டது எனக்கு நினைவிருக்கிறது. அத்தான் இப்பொழுது இல்லை. பெட்டி மட்டும் நெல்லுக் குதிர்போல அறையின் மூலையில் இருந்தது.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திற் பயிலும் மருமகன் அன்றிரவே இறுவட்டைத் தன் மடிக்கணினியில் ஓர் இரவல் கருவி கொண்டு பார்த்தான். மாதங்களின் பெயரால் அமைந்த கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. திறந்தால் புரியாத குறிகளே நிரம்பியிருந்தன. அக்கணக்கை எழுதிய செயலியைக் கொண்டுதான் அதைப் படிக்க முடியும். அச்செயலியோ மூலையிற் கிடந்த பெட்டியின் வன்தட்டில் மட்டுமே எஞ்சியிருந்தது. பெட்டியில் இறுவட்டைப் படிக்கும் கருவி கிடையாது. ஆகவே பெட்டிக்கு ஒரு கருவியைப் பொருத்துவதே வழி என்று முடிவாயிற்று.

கணினியைப் பற்றி நான் அறிந்தது சொற்பம். பதுளைக் கடைவீதியிலே பழுது பார்க்கும் கடையொன்றில், தூசு படிந்த பழைய கருவி ஒன்றை மருமகன் தேடிப் பிடித்து வந்தான். அதனை வன்தட்டோடு ஒரே பட்டைக் கம்பியிற் பிணைக்க வேண்டும். நாற்பது இழைகள் ஓடும் அப்பட்டையின் ஓரத்திலுள்ள சிவப்புக் கோடு, கருவியின் முதலாவது ஊசிப் பக்கம் இருத்தல் அவசியம். ஒரே பட்டையில் இருவர் வாழ்வதால் யார் முதல்வர், யார் அடுத்தவர் என்பதை ஒரு சிறு செருகியால் நிர்ணயித்தல் வேண்டும். இவர்களுக்கு ஆங்கிலத்தில் எசமான், அடிமை என்று பெயராம். லயத்திற் பிறந்து வளர்ந்த எனக்கு அச்சொற்கள் சற்றும் சுவைக்கவில்லை. அண்ணன், தம்பி என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தோம்.

பொருத்தியதோடு காரியம் முடிந்துவிடவில்லை. புதிதாக வந்த கருவியை டொஸ் தானாக அறிந்துகொள்ளாது. கருவியோடு பேச ஓர் இயக்கி வேண்டும். அக்கருவிக்கு ஒரு தட்டெழுத்தை அளித்து, இறுவட்டிலுள்ளவற்றை டொஸ் விளங்கிக்கொள்ளும்படி செய்ய எம்எஸ்சிடிஎக்ஸ் என்னும் மற்றொரு செயலி வேண்டும். பின்னது டொஸ் 6.22 பதிப்போடு கூடவே வருவதாகையால் வன்தட்டிலேயே இருந்தது. முன்னதற்கு எங்கே போவது? அத்தானின் தகரப் பெட்டியிற் பத்து நெகிழ்வட்டுகள் கிடந்தன. மலைநாட்டு ஈரம் சும்மா விடுமா? ஒன்பதிற் பூஞ்சணம் பூத்திருந்தது. பத்தாவது, விண்டோஸ் 98இன் தொடக்க வட்டு. அதுவும் பாதி கெட்டிருந்ததால் கணினியைத் தொடக்கும் வல்லமையை இழந்திருந்தது. ஆயினும் இயக்கிக் கோப்பு ஒன்று மட்டும் பழுதின்றிப் பிரதியாயிற்று. அதன் பருமன் சுமார் 40 கிலோபைட். இன்றைய கைப்பேசிப் புகைப்படம் ஒன்றின் ஒரு மூலைக்கும் காணாது.

இனி இரண்டு கோப்புகளில் இரண்டு வரிகள் எழுத வேண்டும். கொன்பிக்.சிஸ் என்பதில் இயக்கியை அழைத்து அதற்கு ஒரு பெயர் சூட்ட வேண்டும். ஓட்டோஎக்செக்.பட் என்பதில், அப்பெயருடைய கருவிக்கு ‘டி’ என்னும் எழுத்தைக் கொடு என்று பணிக்க வேண்டும். முதலாவதை மருமகன் எழுதினான். இரண்டாவதை அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெட்டியை அணைத்து மீண்டும் போட்டோம். கருவி கண்டுபிடிக்கப்பட்டது என்று இயக்கி அறிவித்தது. அடுத்த கணமே, அப்படி ஒரு கருவி இல்லவே இல்லை என்று மற்றது கை விரித்தது!

இரவு பதினொரு மணி வரை பட்டையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தோம். தமக்கையார் இரண்டு முறை தேநீர் கொண்டு வந்து வைத்தார். இரண்டும் ஆறிப் போயின. கருவி கெட்டது என்று மருமகன் சொல்ல, கம்பி கெட்டது என்று நான் சொல்ல, வாக்குவாதம் முற்றியது. முடிவில் இரண்டு வரிகளையும் திரையிலே அடுத்தடுத்து வரவழைத்து எழுத்தெழுத்தாக ஒப்பு நோக்கினேன். மாணவர் விடைத்தாள் திருத்திப் பழகிய கண் அல்லவா! அவன் எழுதிய பெயரில் இருந்த இரண்டு வட்டங்களின் நடுவிலே சிறு குறி காணப்பட்டது. நான் எழுதிய வட்டங்களில் அது இல்லை.

“எம்எஸ்சிடி ஓ ஓ வன்” என்றல்லவா அவன் வாயாற் சொன்னான்! பூச்சியத்தை ‘ஓ’ என்று சொல்வது நம்மவர் வழக்கம். அவன் இலக்கத்தைப் பதிந்தான். நான் ஆங்கில எழுத்தைப் பதிந்தேன். அந்த இடத்தில் எந்தப் பெயரை வேண்டுமாயினும் இடலாமாம். ஆனால் இரண்டு இடத்திலும் அது ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

திருத்தியதும் ‘டி’ பிறந்தது. எனினும் இறுவட்டு ஆயத்தமில்லை என்று மீண்டும் மீண்டும் முறைப்பாடு வந்தது. கருவியின் கண்ணாடியிற் படிந்திருந்த தூசைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு மெதுவாகத் துடைத்தோம். நாங்களே பதிந்தெடுக்கும் இறுவட்டு, அச்சடித்த வட்டைக் காட்டிலும் ஒளியைக் குறைவாகத் திருப்புவதாகையால் பழைய கருவிகள் அதைப் படிக்கத் தடுமாறுவதுண்டு என்று மருமகன் விளக்கினான். நாலாவது முறை ஆர் எழுத்தை அழுத்தியபோது கருவி சீறிச் சுழன்றது. கோப்புகளின் பெயர்கள் மேலிருந்து கீழாக ஓடின. டொஸ் எட்டு எழுத்துக்கு மேல் பெயர் தாங்காது. அத்தான் ஒன்றைக்கூட எட்டுக்கு மேல் எழுதவில்லை.

மறுநாட் காலை பாட்டியை அழைத்து வந்து நாற்காலியில் இருத்தினோம். முதலில் அவர் பெயர் கிடைக்கவில்லை. அடையாள அட்டையில் உள்ளபடி தேடினால் எப்படிக் கிடைக்கும்? செக்ரோலில் அவர் பெயரின் ஈற்றெழுத்து வேறு. முன்னெழுத்து, கணவர் பெயருடையது. சேமலாப நிதி இலக்கத்தைக் கொண்டு தேடினோம். 1996 தொடக்கம் மாதா மாதம் வரிசையாக வந்து நின்றார். நிதியிற் பணம் காணாமற் போன காரணமும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும் என்று தோன்றியது. அச்சுப் பொறியின் நாடா காய்ந்து போயிருந்ததால், திரையை மாதம் மாதமாகப் புகைப்படம் எடுத்ததோடு, நான் ஓர் அப்பியாசப் புத்தகத்திலும் பெயர்த்தெழுதினேன். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி ஒன்று முடித்து, இவற்றோடு சேர்த்துத் தொழில் அலுவலகத்திற் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள் என்பதை நகரத்து வாசகர் அறியாதிருக்கலாம். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும். நான் ஒவ்வொரு நாளாக வாசிக்க, கண்ணை மூடியவாறு கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, 1997ஆம் ஆண்டு மாசி மாதத்துக்கு வந்ததும் சட்டென்று கையை உயர்த்தினார்.

“பதினாலாம் திகதி என்ன போட்டிருக்கு?”

“அரைப் பேர், பாட்டி.”

“மகளுக்குக் காய்ச்சல்னு ஓடி ஓடிப் பறிச்சேன். நிறை சரியா இருந்திச்சு. அன்னைக்கே கணக்கப்பிள்ளைகிட்டச் சொன்னேன், கேக்கல” என்றார். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அதை முழுசாத் திருத்த ஏலாதா, மாஸ்டர்?” என்று கேட்டார்.

மருமகன் என் முகத்தைப் பார்த்தான். அந்த வட்டில் எழுதியதை இனி மாற்ற முடியாது என்று சொன்னேன்.

“சரி, அடுத்த நாளை வாசிங்க” என்றார் பாட்டி.