ஏழு லட்சத்துக்கு சைக்கிள்... கேரியர் இருக்கா?

அம்மாவிடம் அவர் சொன்ன முதல் பொய், கணக்குப் பரீட்சை மார்க் பற்றியது. கடைசியாகச் சொன்ன பொய், சைக்கிள் விலை பற்றியது. இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தைந்து வருடம்.

2021 ஏப்ரல். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். பர்மிங்காமில் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அம்பத்தூரில் அம்மா அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"புதுசா ஒரு சைக்கிள் செய்யச் சொல்லியிருக்கேம்மா."

"எவ்வளவுடா?"

"எழுபதாயிரம் ஆகும்மா."

"எழுபதாயிரத்துக்கு சைக்கிளா! கேரியர் இருக்கா?"

கேரியர் இல்லை. விலையும் எழுபதாயிரம் இல்லை. 6,800 பவுண்டு. நம் கணக்கில் ஏறக்குறைய ஏழு லட்சம். ஒரே ஒரு பூஜ்யத்தை மட்டும் விழுங்கிவிட்டார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சைக்கிள் என்றால் வண்டி

அவருக்கு அப்போது 56 வயது. வீட்டுக்கடன் முடிந்திருந்தது. மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாள். "இத்தனை வருஷத்துல உங்களுக்குன்னு ஒண்ணுமே வாங்கிக்கலை. ஏதாவது வாங்கிக்கோங்க" என்று சொன்னதே மனைவிதான். நல்ல வாட்ச் ஏதாவது வாங்குவார் என்று நினைத்திருந்தார் பாவம்.

அவர் வளர்ந்த வீட்டில் ஒரே ஒரு ஹெர்குலஸ் சைக்கிள் இருந்தது. ரேஷன் அரிசி அதில்தான் வந்தது. மண்ணெண்ணெய் கேன் ஹேண்டில்பாரில் தொங்கியது. அப்பா மிதிக்க, அம்மா கேரியரில், அவரும் தங்கையும் முன் கம்பியில். இப்படி நாலு பேராகக் கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் யாரும் சைக்கிளின் அழகைப் பார்த்ததில்லை. பஞ்சர் ஆகாமல் போய்ச் சேர்ந்தால் அதுவே அழகு.

அந்த ஹெர்குலஸுக்கும் பர்மிங்காமுக்கும் சொந்தம் உண்டு என்பது அவருக்கு இங்கிலாந்து வந்த பிறகுதான் தெரிந்தது. பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் என்று ஒரு குழாய் கம்பெனி. ஆணி செய்துகொண்டிருந்த குடும்பம். 1897-ல் ஒரு காப்புரிமை வாங்கினார்கள். சைக்கிள் குழாயின் இரண்டு முனைகளிலும் தடிமன் அதிகமாகவும், நடுவில் மெல்லியதாகவும் இருக்கும்படி இழுக்கிற முறை அது. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் ஒரே சீராகத்தான் தெரியும். இணைப்பு வரும் இடத்தில் பலம் வேண்டும், அங்கே தடிமன். நடுவில் பாரம் வேண்டாம், அங்கே மெல்லிசு. 1935-ல் இவர்கள் கொண்டுவந்த '531' என்ற குழாய், பல பத்தாண்டுகளுக்கு ரேஸ் சைக்கிள்களின் அடையாளமாகவே இருந்தது.

இந்த ரெனால்ட்ஸ் 1928-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. அதே குழுமம்தான் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து, 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூர் ஃபேக்டரி அதனுடையதுதான். சின்ன வயதில் அவர் தினமும் காதில் வாங்கிய சங்கு சத்தத்துக்கு, இந்த ஊரில் ஒரு பெரியப்பா வீடு இருந்திருக்கிறது.

டெய்லர் கடை மாதிரி ஒரு பட்டறை

கொரோனாவுக்கு முன்னால் கைவினை சைக்கிள் கண்காட்சி ஒன்றில்தான் அவர் சிக்கினார். கரும்பச்சை நிறத்தில் ஒரு ஸ்டீல் சைக்கிள். குழாய்கள் சேரும் இடத்தில் 'லக்' என்று ஒரு உறை இருக்கும். நம் ஊர் சைக்கிளிலும் உண்டு. ஆனால் இதில் அந்த உறையின் ஓரம், வெற்றிலை நுனி மாதிரி ராவப்பட்டிருந்தது. பெயின்ட் அடித்த பிறகும் கோடு கலையாமல் தெரிந்தது. அரைமணி நேரம் அங்கேயே நின்றார். அந்த அரைமணி நேரத்துக்கான பில்தான் ஏழு லட்சம்.

இன்று ரேஸ் ஓட்டுகிறவர்கள் கார்பன் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். அது இன்னும் லேசு. ஸ்டீல் சைக்கிளை இப்படி ஒருத்தருக்காக மட்டும் செய்து வாங்குகிறவர்கள் ஒரு தனி ரகம். சிலர் ஓட்டுவார்கள். சிலர் ஓவியம் போல வைத்துக்கொள்வார்கள். அவர் எந்த ரகம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஷ்ராப்ஷயர் கிராமம் ஒன்றில், ஒற்றை ஆள் நடத்தும் பட்டறை. முன்பணம் 500 பவுண்டு. காத்திருக்கும் காலம் இரண்டு வருடம். முதல் நாள் டேப்போடு வந்தார் பட்டறைக்காரர். கை நீளம், தோள் அகலம், தொடை நீளம். கால்களுக்கு நடுவே ஒரு புத்தகத்தை நிறுத்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை ஒரு அளவு. குனியச் சொன்னார். விரல் நுனி தரையைத் தொட்டது. அதையும் குறித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு சூட் தைக்கக்கூட இவ்வளவு அளவெடுத்ததில்லை.

பிறகு ஒரு கேள்வி.

"நீங்கள் இதை ஓட்டப்போகிறீர்களா, மாட்டி வைக்கப்போகிறீர்களா?"

"ஓட்டத்தான்" என்றார் அவர், கொஞ்சம் அவசரமாக.

வீட்டு ஹாலில் சோபாவுக்கு மேல் இருக்கும் சுவரை அவர் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார். அது மனைவிக்கும் தெரியும்.

ஹேண்டில்பார் சீட்டைவிட ஆறு சென்டிமீட்டர் கீழே. நன்றாகக் குனிந்து ஓட்டுகிற ரேஸ் அமைப்பு. ரெனால்ட்ஸ் 725 குழாய், வெள்ளி பிரேசிங், கரும்பச்சை. ஒரு தாளில் பென்சிலால் வரைந்த படத்தோடு வீடு திரும்பினார். அந்தப் படம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டது.

முதுகு சொன்ன செய்தி

2022 டிசம்பர். மகளை ஏர்போர்ட்டுக்கு அனுப்ப, பெட்டியைத் தூக்கி காரில் வைத்தார். இடுப்பில் ஏதோ இடம் மாறியது போல ஒரு வலி. மூன்று வாரம் படுக்கை. கீழ்முதுகில் டிஸ்க் விலகியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் பயிற்சிகள் கொடுத்தார். "சைக்கிள் ஓட்டலாம். ஆனால் ரொம்ப நேரம் அப்படிக் குனிந்து வேண்டாம்" என்றார்.

அவர் இதைப் பட்டறைக்காரருக்குச் சொல்லவில்லை. ஜனவரி போனது. பிப்ரவரி போனது. ஃப்ரிட்ஜில் அந்தப் படம் அப்படியே இருந்தது. ஆறு சென்டிமீட்டர்.

மார்ச்சில் பட்டறையிலிருந்து மெயில் வந்தது. "அடுத்த மாதம் குழாய்களை அறுக்கப்போகிறேன். ஏதாவது மாற்றம் உண்டா?"

'இல்லை' என்று டைப் செய்தார். அனுப்பவில்லை. இரண்டு நாள் அது அப்படியே கிடந்தது.

கார்பனோ, ஸ்டீலோ, கடையில் வாங்கும் சைக்கிள் நமக்குச் சரிப்படாவிட்டால் விற்றுவிடலாம். ஒரு உடம்புக்காகச் செய்தது அப்படி இல்லை. அதே கை, அதே கால், அதே முதுகு உள்ள இன்னொருவரைத் தேட வேண்டும். அவர் விஷயத்தில் அந்த இன்னொருவர், இரண்டு வருடத்துக்கு முன்பிருந்த அவரேதான். அந்த ஆள் இப்போது இல்லை.

மூன்றாம் நாள் காபி கொடுக்கும்போது மனைவி கேட்டார்.

"சுவத்துல மாட்டத்தானேங்க போறீங்க? அப்ப பழைய அளவே இருக்கட்டும். எதுக்கு யோசனை?"

கிண்டல் மாதிரிதான் இருந்தது. ஆனால் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். காபி ஆறும் வரை அவர் பதில் சொல்லவில்லை. பிறகு போனை எடுத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார்.

"நல்லவேளை, இன்னும் அறுக்கவில்லை. ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்" என்றார் அந்த மனிதர், மழை பெய்கிறது என்று சொல்வது போல.

மறுபடி டேப். கை, கால் எல்லாம் பழைய அளவுதான். குனியச் சொன்னபோது, விரல் நுனி முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. பட்டறைக்காரர் பழைய எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் புதிய எண்ணை எழுதினார். அவ்வளவுதான். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அதுவே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

"உங்கள் வயதில் வருகிற பாதிப்பேருக்கு இப்படித்தான் ஆகிறது. மீதிப்பேர் சொல்வதில்லை. அந்த சைக்கிள்கள் சுவரில் இருக்கின்றன."

முன்பக்கக் குழாய் நீண்டது. மேல் குழாய் கொஞ்சம் குறுகியது. ஹேண்டில்பார் சீட்டுக்கு நேராக மேலே ஏறியது. படத்தில் பார்க்க, ரேஸ் சைக்கிளின் மிடுக்கு பாதி போய்விட்டது.

"முதுகுல பை மாட்டக் கூடாதாம். டிபன் பாக்ஸை எங்கே வைக்கறதுன்னுதான்..." என்று இழுத்தார்.

அம்மாவின் கேள்வி ஞாபகம் வந்தது. வெட்கத்தோடு கேட்டார்: "இதில் கேரியர் வைக்க முடியுமா?"

பட்டறைக்காரர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். பாரிஸை ஒட்டிய லெவலுவா-பெரே என்ற ஊரில் செய்யப்பட்ட சைக்கிள்கள். விமானத் தொழிலில் இருந்து சைக்கிளுக்கு வந்த ரெனே எர்ஸ். 1938-ல் கடை தொடங்கிய அலெக்ஸ் சிங்கர். சேகரிப்பாளர்கள் இன்று தேடித் தேடி வாங்குவது இவர்கள் கைவேலையைத்தான். ஒவ்வொரு படத்திலும் மட்கார்டு, விளக்கு. அப்புறம், அந்த சைக்கிளுக்கென்றே மெல்லிய ஸ்டீல் குழாயில் வளைத்துச் செய்த கேரியர்.

அந்தக் காலத்தில் பிரான்ஸில் சைக்கிள்களுக்கென்றே போட்டிகள் நடந்தன. கரடுமுரடான மலைப்பாதையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். எடை குறைவாக இருந்தால் பாயின்ட். விளக்கோ மட்கார்டோ ஆடினாலோ, கழன்றாலோ பாயின்ட் போய்விடும். அழகு என்பது அங்கே உடையாமல் வந்து சேர்வதுதான்.

அம்பத்தூரில் ஒரு கிழவி போனில் கேட்ட கேள்வியைத்தான் அந்தப் போட்டி நடுவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

கேரியருக்குக் கூடுதலாக 350 பவுண்டு. கூடுதலாக இரண்டு மாதம்.

திரியில் ஏறும் எண்ணெய்

பிரேசிங் நடந்த நாளில் அவரை வரச் சொல்லியிருந்தார்கள். லக்குக்குள் குழாயைச் செருகினால், நடுவில் தலைமுடி அளவுக்குத்தான் இடைவெளி. சுற்றிலும் ஃப்ளக்ஸ் பசையைத் தடவி, கேஸ் தீயால் சீராகச் சூடேற்றுவார்கள். பித்தளை என்றால் 900 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். வெள்ளிக் கலவைக்கு 600, 700 போதும். மெல்லிய குழாய்க்கு அந்த வித்தியாசம் பெரியது. சூடு கூடினால் ஸ்டீலின் பலம் குறையும்.

சரியான நிறம் வந்ததும் வெள்ளிக் கம்பியின் நுனியை லக்கின் ஒரு ஓரத்தில் தொட்டார். உருகி உள்ளே போனது. மறு ஓரத்தில் மெல்லிய வெள்ளிக் கோடாக எட்டிப் பார்த்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார் அவர். அதற்கப்புறம் அரம். அன்று முழுக்க அரம்தான். ராவின ஓசை வீடு வரை காதில் வந்தது.

சுவர் காலியாகவே இருக்கிறது

2023 அக்டோபரில் சைக்கிள் வீட்டுக்கு வந்தது. கேரியரோடு பதினோரு கிலோ. அவர் அப்பாவின் ஹெர்குலஸில் கிட்டத்தட்ட பாதி.

முதல் வாரம் ஓட்டவில்லை. ஹாலில் சாய்த்து வைத்து, மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் மனைவி ஒரு துணிப்பையை கேரியரில் வைத்தார். "ஸ்பார்க்ஹில் கடையில் பொன்னி அரிசி வந்திருக்காம். அஞ்சு கிலோ. அப்படியே கறிவேப்பிலை."

கால்வாய் ஓரப் பாதையில் போனார். குனிய வேண்டியிருக்கவில்லை. முதுகு பேசாமல் இருந்தது. வண்டி தன்னை முன்பே தெரிந்தது போல நடந்துகொண்டது. திரும்பும்போது ஒரு பாலத்துக்கு அடியில், செங்கல் சுவரில் கேரியர் உரசியது. இறங்கிப் பார்த்தார். இரண்டு இன்ச் நீளத்துக்குக் கீறல். கரும்பச்சைக்கு அடியில் ஸ்டீல் பளிச்சென்று தெரிந்தது.

வயிற்றைப் பிசைந்தது. ஒரு நிமிடம் அங்கேயே நின்றார். பிறகு அரிசி மூட்டை சரியாக இருக்கிறதா என்று ஒரு தட்டு தட்டிவிட்டு மிதித்தார்.

அந்த ஞாயிறு வீடியோ காலில் சைக்கிளைக் காட்டினார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கேரியர் வச்சிட்டியா! அப்பிடிப் போடு."

"அம்மா... விலை எழுபதாயிரம் இல்லம்மா."

"பின்ன?"

"ஏழு லட்சம். கேரியரோட ஏழு லட்சத்துக்கு மேலேயே."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தார். இல்லை. அம்மா திரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து, சைக்கிளை முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் சோபாவில் சாய்ந்து நின்றது.

"ஏண்டா, ஏழு லட்சம் வாங்கினானே... ஒரு ஸ்டாண்டு வைக்கத் தோணலையா அவனுக்கு?"