தாழையும் தாளையும்

திருமுழுக்குச் சடங்கில் குரு கேட்கும் முதற்கேள்வி குழந்தைக்கு இடும் பெயரைப் பற்றியது. எத்தனையோ பெற்றோரிடம் நாம் அதைக் கேட்டிருக்கிறோம். ஆயினும் ஒரு பெயர் எவ்வளவு மென்மையானது என்பதை, பெரம்பலூர் வட்டாரப் பங்கொன்றில் பணியாற்றியபோதுதான் உணர்ந்தோம்.

குழந்தையின் தாய் அரியலூர்ப் பக்கத்தவர், தமிழாசிரியை. தந்தையின் குடும்பத்தாரோ தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள். மகளுக்குத் 'தாழை' என்று பெயரிடத் தாய் விரும்பினார். புனிதர் பெயர் அல்லவே என்று உறவினர் சிலர் தயங்கினர். பெயர் கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இருத்தலாகாது என்பதே 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 855ஆம் விதி. பூவின் பெயருக்கு அதில் தடையில்லை என்றோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களுள் தாழையும் ஒன்று எனத் தாய் பெருமையுடன் கூறினார்.

சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. குழந்தையின் அப்பாயி அதனை மடியில் இட்டுக்கொண்டு, "என் தாளையே, தாளம்பூவே" என்று கொஞ்சினார். தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாவது வழக்கம். சென்னையிலிருந்து வந்த தாய்மாமனோ 'தாயம்பூ' என்றார். மகளின் பெயர் இப்படிச் சிதைகிறதே என்று தாய் நம்மிடம் வருந்தினார். குருமடத்தில் கற்ற கல்வி நமக்குள் முந்திக்கொண்டது. நாவின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பது ழகரம் எனத் தொல்காப்பியம் கூறுவதை அம்மூதாட்டிக்கு விளக்கி, எல்லார் முன்னிலையிலும் இருமுறை சொல்லச் சொன்னோம். அவருக்கு வரவில்லை. சுற்றியிருந்தோர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. அதன்பின் குழந்தையைப் 'பாப்பா' என்று மட்டுமே அழைத்தார்.

அன்றிரவு நீதித் தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரம் நம் நினைவில் எழுந்தது. யோர்தான் துறையைக் கைப்பற்றிய கிலயாதியர், தப்பிவந்த எப்ராயிமரை 'ஷிபோலெத்' என்று சொல்லப் பணித்தனர். கதிர் என்று பொருள்படும் எளிய சொல் அது. 'சிபோலெத்' என்றவர்கள் அங்கேயே கொல்லப்பட்டனர். அக்காலத்தில் மாண்ட எப்ராயிமர் 42,000 பேர் என்கிறது திருவிவிலியம். நாம் வாளெடுக்கவில்லை, ஆயினும் ஓர் எழுத்தைக் காவல் வைத்து ஒரு பாட்டியைப் பேத்தியிடமிருந்து தடுத்துவிட்டோம். நம் அன்னையும் வாழ்நாளெல்லாம் 'வாளப்பளம்' என்றவரே. அந்த நாவிலிருந்துதான் நாம் செபம் கற்றோம்.

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணிசெய்த வீரமாமுனிவரையும் எண்ணிப் பார்த்தோம். 1680இல் இத்தாலியில் பிறந்த அவர், எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்தில் தெளிவாக வேறுபடுத்தித் தந்தவர். ஒலியில் அத்துணை நுட்பம் கண்ட அவர், இலக்கியத் தமிழுக்குத் 'தொன்னூல் விளக்கம்' செய்ததோடு நில்லாமல், மக்கள் பேசும் தமிழுக்கும் இலத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் மக்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். உள்நாட்டில் பிறந்த நாமோ திருத்தப் புகுந்தோம்.

மறுநாள் அவ்வீட்டுக்குச் சென்று மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்டோம். "தாழம்பூவை நீங்கள் எங்கே பார்த்தீர்கள், அம்மா?" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. மணல்மேட்டில் அடர்ந்த புதரையும், கையைக் கிழிக்கும் முள்ளோலையையும், மடலைச் சடையில் வைத்துத் தைத்துக்கொண்ட நாள்களையும், துணிப்பெட்டியில் இட்ட மடல் சருகான பின்னும் மணம் மாறாதிருந்ததையும் சொல்லிக்கொண்டே போனார். கேட்டுக்கொண்டிருந்த மருமகள் மெல்லச் சொன்னார்: "அத்தை, நான் அதைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன்."

திருமுழுக்குப் பதிவேட்டில் 'தாழை' என்றே எழுதினோம். ழகரம் எழுத்தில் காக்கப்பட வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் பயிற்றப்படவும் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பெயர் எழுத்தால் மட்டும் வாழ்வதில்லை. கல்லறையருகே அழுதுநின்ற மகதலா மரியா, தம்மைப் பெயர் சொல்லி அழைத்த குரலைக் கேட்டன்றோ ஆண்டவரை அறிந்துகொண்டார்?

சடங்கு முடிந்ததும் பாட்டி குனிந்து, தயங்கித் தயங்கி, "தாளை" என்றார். குழந்தை குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியது. தாய் திருத்தவில்லை. நாமும் திருத்தவில்லை.