அந்தமானில் ஐந்து நாட்கள்

அந்தமான் என்றதும் எங்கள் தலைமுறையினருக்குச் சிறைச்சாலைதான் நினைவுக்கு வரும். அடங்காத பிள்ளைகளை "அந்தமானுக்கு அனுப்பிவிடுவேன்" என்று அதட்டிய பெரியவர்களை நாங்கள் அறிவோம். இன்றோ அது புதுமணத் தம்பதியர் விரும்பிச் செல்லும் இடமாகிவிட்டது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தஞ்சையில் வாழும் எங்களிருவரையும் எங்கள் மகள் 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அங்கே அனுப்பி வைத்தாள். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரப் பயணம். பிறகு கப்பலேறித் தீவு தீவாகச் சென்று வருவது ஏற்பாடு.

சீட்டுகள் கைக்கு வந்த பின்னும் நாங்கள் தயங்கினோம். காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக வேளாங்கண்ணி சென்றிருந்த எங்கள் இல்லத் தலைவியின் தங்கை, காலைத் திருப்பலி முடிந்து கடற்கரைப் பக்கம் போனார், திரும்பவில்லை. அன்று முதல் இருபது ஆண்டுகளாக இல்லத் தலைவி கடலை ஏறிட்டுப் பார்த்ததில்லை. வேளாங்கண்ணிக்குச் சென்றாலும் அன்னையை வணங்கிவிட்டு அடுத்த பேருந்தில் ஏறிவிடுவார். "கடல் வேண்டாமென்றால் ஊருக்குள்ளேயே இருந்துவிட்டு வாருங்கள்" என்று மகள் சொன்னாள். தீவில் ஊருக்குள்ளேயே இருப்பது எப்படி என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போர்ட் பிளேர் நகருக்கு 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். ஆயினும் ஆட்டோ ஓட்டுநர் முதல் கடைக்காரர் வரை பழைய பெயரையே வழங்குகிறார்கள். கடைத்தெருவில் தமிழ் தாராளமாகக் கேட்கிறது. 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட கூண்டுச் சிறையில் 693 அறைகள் இருந்தன. நடுக்கோபுரத்திலிருந்து பிரிந்த ஏழு கிளைகளுள் இன்று எஞ்சியவை மூன்றே. ஓர் அறைக்குள் நுழைந்து கதவருகே சற்று நின்றோம். அடுத்த அறையிலிருப்பவன் முகம் தெரியாதபடி கட்டியிருக்கிறார்கள். எதிரிலுள்ள ராஸ் தீவில் ஆங்கிலேயர் தமக்கென அமைத்துக்கொண்ட தலைமையிடத்தை 1941ஆம் ஆண்டின் நிலநடுக்கம் சிதைத்தது. மறு ஆண்டே ஜப்பானியர் வந்துவிட்டனர். கூரையற்ற தேவாலயச் சுவர்களை இப்போது மரவேர்கள் தழுவி நிற்கின்றன. மான்கள் அச்சமின்றி நம் கையிலிருப்பதை மோந்து பார்க்கின்றன.

ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே செல்லும் சாலைப் பயணத்துக்கும் எங்களை அழைத்தார்கள். மனிதரை வேடிக்கை பார்க்கப் புறப்படும் பயணம் எங்களுக்கு ஒவ்வாது என்று மறுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் ஹேவ்லாக் தீவுக்கு அரசாங்கக் கப்பலில் இரண்டரை மணி நேரம் சென்றோம். இல்லத் தலைவி உள்ளறையில் அமர்ந்து, கண்களை மூடி, செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்து மறுபடியும் தொடங்கியாயிற்று, கரை வரவில்லை. ராதாநகர்க் கடற்கரை பெரும்புகழ் பெற்றது. வெண்மணலும், அதன் விளிம்புவரை வந்து நிற்கும் ஓங்கிய மரங்களும், பச்சையும் நீலமுமாகிய நீரும் அந்தப் புகழுக்குத் தகுந்தவையே. எங்களில் ஒருவர் முழங்காலளவு நீரில் நின்றார். மற்றவர் மரத்தடியில் இரு சோடிக் காலணிகளுக்கும் காவலாக அமர்ந்திருந்தார். மாலை ஐந்தரைக்குள் கதிரவன் மறைந்துவிட்டது. இந்தியாவின் கடிகாரம் அந்தக் கீழ்த்திசைத் தீவுகளுக்குப் பொருந்துவதில்லை. ஆறரை மணிக்கெல்லாம் நள்ளிரவு போன்ற இருள்.

மறுநாள் சென்ற நீல் தீவு சிறியது, மிதிவண்டியிலேயே சுற்றிவிடலாம். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாய் வந்தவர்களைக் குடியமர்த்திய ஊர்கள் இவை. ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர் என்று இராமாயணமே ஊர்ப்பெயர்களாக நிற்கிறது. தென்னையும் பாக்கும் வாழையும் ஒருபுறம். கத்தரியும் பூசணியும் விளையும் தோட்டங்கள் மறுபுறம். தலைநகரின் காய்கறித் தேவைக்கு இந்தத் தீவு பெரிதும் உதவுகிறதாம். கடலை மறந்து பூசணிக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் இல்லத் தலைவியின் முகம் தெளிந்தது.

பரத்பூர்க் கரையில் அடிப்பாகம் கண்ணாடியாலான படகுகளில் பவளப் பாறைகளைக் காட்டுகிறார்கள். நீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும் என்று தேநீர்க் கொட்டகையில் அமர்ந்தோம். "ஐயா, அம்மா, எந்த ஊருங்க?" என்று தமிழில் கேட்டவர் ஒரு படகுக்காரர். முப்பது வயதைக் கடந்தவர். தஞ்சை என்றோம். தம் ஊர் கச்சால் என்றார்.

கச்சால் நிக்கோபார் தீவுகளுள் ஒன்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களுள் சில குடும்பங்களை அங்குள்ள ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றினார்கள். இவருடைய பெற்றோர் அவ்வாறு வந்தவர்கள். 2004இல் இவருக்குப் பதின்மூன்று வயது. காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது. சிறிது நேரத்தில் கடல் எழுந்து வந்தது. தோட்டத்து மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். இவருடைய தாயார் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

நாங்கள் பேச்சற்று இருந்தோம். இல்லத் தலைவியே மெல்லத் தொடங்கித் தங்கையைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகளிடம்கூட அவர் அத்துணை விரிவாக அதைச் சொன்னதில்லை. தங்கை கட்டியிருந்த சேலையின் நிறத்தையும் சொன்னார். வேளாங்கண்ணியில் அப்போது மணி என்ன என்று படகுக்காரர் கேட்டார். ஒன்பது கடந்திருக்கும் என்றார் இவர்.

"அப்போ எங்களுக்கு வந்த அதே தண்ணிதானாம்மா அங்கேயும் வந்தது?"

"அதே தண்ணிதான், தம்பி."

இடையிலே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்தக் கரையில் மூழ்கியவர்களின் செய்தி இந்தக் கரையில் நின்றவர்களை எட்டவில்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது 2007ஆம் ஆண்டில்தான். இப்போது அது இருக்கிறது என்பதில் ஆறுதல் கொள்ளலாம்; நாங்களும் கொள்கிறோம், முழுமனத்தோடு அன்று.

கடலை வெறுக்கவில்லையா என்று இல்லத் தலைவி கேட்டார். "பயம் இருக்கும்மா. நெலம் லேசா ஆடுனாப் போதும், பிள்ளைகளைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடிருவேன். ஆனா சோறு இங்கதானே இருக்கு?" என்றவர் நீரைப் பார்த்தார். நீர் ஏறியிருந்தது. எங்களை வற்புறுத்தாமல் தம் வேலையைப் பார்க்க எழுந்தார். இல்லத் தலைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பின்னே நடந்தார். கணுக்கால், பிறகு கெண்டைக்கால், பிறகு படகு. அவர் கையைப் பற்றியேற்றியவர் அந்தத் தம்பிதான். எங்களில் மற்றவர் காலணிகளோடு பின்னால் ஓடி வந்து ஏறிக்கொண்டார்.

கண்ணாடியின் வழியே மூளை வடிவிலும் மான்கொம்பு வடிவிலும் பவளங்களைக் கண்டோம். நீலக் கோடிட்ட மீன்கள் கூட்டமாய்த் திரும்பின. பவளங்களுள் பல வெளுத்துக் கிடந்தன. 2010ஆம் ஆண்டு கடல்நீர் சூடேறியபோது இத்தீவுகளின் பவளங்களுக்குப் பெருங்கேடு நேர்ந்தது. அரைமணி நேரம் மிதந்தோம். இல்லத் தலைவி ஒரு கையால் படகின் விளிம்பை இறுகப் பற்றியபடியே, மறு கையால் மீன்களைச் சுட்டிக்காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. போர்ட் பிளேர் மறைமாவட்டத்தின் பேராலயம் கடலின் விண்மீனாகிய அன்னையின் பெயர் தாங்கியது. காடு திருத்துவதற்காக 1918 முதல் சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் சந்ததியார் இந்தத் திருச்சபையில் பெருந்தொகையினர். அங்கே இரண்டு பெயர்களைச் சொல்லி மன்றாடினோம்: தங்கையின் பெயர், கச்சாலில் மறைந்த தாயின் பெயர். அன்று பிற்பகலே விமானமேறினோம்.

படகுக்காரரின் தொலைபேசி எண்ணை இல்லத் தலைவி வாங்கி வைத்திருக்கிறார். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலி சொன்னால் போதும். அவருடைய படகு கரையில் கட்டியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.