நேரம் தவறாத பேருந்து

"காலம் பொன் போன்றது" என்று கையெழுத்து நோட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அந்தப் பொன்மொழியைச் சாலையில் நடத்திக் காட்டியவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1877-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் பிறந்த அவர், கிடைத்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1911-இல் மதுரையில் சொந்தத் தொழில் தொடங்கினார். மறு ஆண்டிலேயே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்டார்.

அக்காலத்துச் சாலைகளில் மாட்டு லாடங்களின் ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். அவை டயரைக் குத்தினால் வண்டி நின்றுவிடும். ஐயங்கார் சலித்துக்கொள்ளவில்லை. காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார்! இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமற் போகவே, கரியிலிருந்து உண்டாகும் வாயுவைக் கொண்டு பேருந்துகளை ஓட்டினார். அவருடைய பேருந்தைப் பார்த்து மதுரை மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்வார்கள் என்று பெரியவர்கள் கூறுவர்.

அவர் 1955-இல் காலமானார். பிள்ளைகள் தொழிலை மேலும் வளர்த்தனர். பேருந்துக்கும் லாரிக்கும் வேண்டிய சக்கரம், பிரேக், மின்கருவி ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் 1960-களில் சென்னையை அடுத்த பாடியில் எழுந்தன. 1966-இல் தோன்றிய சுந்தரம் பாஸனர்ஸ் நிறுவனம் போல்ட்டும் நட்டும் செய்தது. சாலையில் ஆணி பொறுக்கிய குடும்பம், வண்டிகளை இறுக்கிப் பிடிக்கும் ஆணிகளையே செய்யத் தொடங்கியது வியப்பன்றோ!

என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் அவருடைய மகள் சௌந்தரம் அம்மையார். இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், வீட்டு மூலையில் முடங்கிவிடவில்லை. டில்லி சென்று படித்து டாக்டரானார். 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவி ஏழை எளியவர்களுக்குத் தொண்டு செய்தார்.

1972-இல் அரசு அந்தப் பேருந்துகளை ஏற்று, பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது. திறம்பட நடந்த ஒன்றை ஏன் எடுக்க வேண்டும் என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் ஜவ்வாது மலையை நினைத்ததும் வேறொன்றும் புரிந்தது. பத்துப் பேர் ஏறும் மலைப்பாதையில் லாபம் ஏது? லாபம் பாராமல் பேருந்து விட ஒருவர் வேண்டுமல்லவா?

ஆயினும் பேருந்து இருந்தால் மட்டும் போதாது; அது நேரத்துக்கு வரவேண்டும். காலைப் பேருந்து வராவிட்டால், மலைக் கிராமத்துத் தோழியின் இருக்கை அன்று வகுப்பில் காலியாகிவிடும். இப்படிப் பல நாள் ஆனால், "படித்தது போதும்" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். நோயுற்ற தாய் ஒருத்திக்கோ, அந்தத் தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே, எவருக்கும் உரியதாய் எங்கும் செல்லும் பேருந்தும் வேண்டும். ஐயங்காரின் நேரந்தவறாமையும் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து எங்கள் மலை ஏறி வரும் நாளே எங்களுக்குப் பொன்னாள்!